கோபத்துக்கு இரண்டு கரண்டி சீனி

"எனக்குச் சீனி குறையேல்ல, உம்மு. எனக்கு உண்மையாவே கோவம்" என்றார் முனவ்வர்.

உம்மு ஸல்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகக் காட்டவில்லை. இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கிய தேத்தண்ணிக் கோப்பையை அவருடைய மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். கருவாட்டுக் கறியில் புளி கூடிப்போயிருந்தது. அதுதான் காரணம் என்று அவர் சொன்னார். வயலிலிருந்து வந்து, கை கழுவி, முதல் கவளத்தை வாயில் வைத்ததும் பீங்கானைத் தள்ளிவிட்டார். முப்பது வருடத்துக்கும் மேலாக அவள் இந்த மனிதனுக்குச் சமைக்கிறாள். புளி கூடிய நாளும் உண்டு, உப்பு மறந்த நாளும் உண்டு. அப்போதெல்லாம் இவர் பீங்கானைத் தள்ளியிருக்கிறாரா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். தள்ளியது போலவும் இருந்தது, தள்ளாதது போலவும் இருந்தது. அவருடைய நெற்றியைப் பார்த்தாள். வேர்த்திருந்தது. மழைக்கு முந்திய முசலி வெயிலில், மத்தியானத்தில், யாருடைய நெற்றிதான் வேர்க்காமல் இருக்கும்? அவளுடைய சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

அவர் கோப்பையை வாங்கி, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் குடித்தார். வெற்றுக் கோப்பையை அவளுடைய கையில் திருப்பிக் கொடுத்து, "குடிச்சிட்டன். இப்பவும் கோவம்தான்" என்று சொல்லிவிட்டு, சோற்றைத் தொடாமலே வயலுக்குத் திரும்பிப் போனார். அவள் கோப்பையும் கையுமாக நின்றாள். குறைந்திருந்த சீனிக்குத்தான் அந்தத் தேத்தண்ணி போனதென்றால் நல்லது. குறையாத சீனிக்குப் போயிருந்தால், அடுத்த கிளினிக்கில் கூடிப்போன சீனிக்கு அவள்தான் பொறுப்பு. இரண்டில் எது நடந்தது என்று அறிய ஒரு வழியும் இல்லை. சாப்பிடாமல் போனவர் வயலில் விழுந்தால் என்ன செய்வது என்ற யோசனை வந்ததும், மூடிவைத்த பீங்கானைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே ஓடினாள். புளிக்கறியைக் கொட்டிவிட்டு ஒரு முட்டை பொரித்து வைத்துக்கொண்டு.

இதெல்லாம் ஒரு கை நடுங்காமல் போனதால் வந்த வினை.

முனவ்வருக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து பல வருடமாகிவிட்டது. அதற்கான மருந்துக் குளிசைகளை இங்கே, முசலிப் பக்கத்து ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எடுத்து வந்தார். வேலை மிஞ்சி, சாப்பாடு பிந்திய நாட்களில் சீனி சட்டென்று இறங்கும். இறங்கினால் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கும், நெஞ்சு படபடக்கும். "கை கதைக்குது" என்று சொல்லி வரம்பில் குந்திவிடுவார். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து பேரீத்தம்பழம் இருக்கும். ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் கை அடங்கிவிடும். கிளினிக்கில் எழுதித் தருகிற இலக்கத்தைவிட அவர் தன் கையைத்தான் நம்பினார். அந்தக் கையும் ஒரு நாளாவது பொய் சொன்னதில்லை.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இருவரும் புத்தளத்துக்கு, மகள் நுஹாவின் வீட்டுக்குப் போயிருந்தார்கள். காட்டுக்குள்ளால் போன குறுக்குப் பாதை பூட்டுப்பட்ட பிறகு அநுராதபுரத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். அங்கே மாடிப்படி ஏறும்போது முனவ்வருக்கு நெஞ்சு கண்டபடி அடித்தது. மருமகன் அவரைப் பக்கத்தில் ஒரு தனியார் டொக்டரிடம் கூட்டிப்போனான். டொக்டர் பிறசர் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், வேறு வருத்தம் ஏதும் உண்டா, வேறு குளிசை ஏதும் எடுக்கிறீர்களா என்று விசாரித்தார். இல்லை என்றார் முனவ்வர். மனமறிந்து பொய் சொல்கிற ஆள் அல்ல அவர். சீனி, முசலியில் காட்டுகிற வருத்தம். அதைத் தூக்கிக்கொண்டு வந்து புத்தளத்தில் ஏன் போட வேண்டும்? அந்தப் பெருநாளைக்கு நுஹா கொடுத்த சட்டையைக் கூட அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தார், அடுத்த முறை போகும்போது உடுக்கலாம் என்று.

அவர்களுடைய சீவியத்தில் எல்லாமே இப்படி இரண்டு ஊருக்குப் பங்குபட்டுத்தான் கிடந்தது. காணி இங்கே, மகள் அங்கே. முனவ்வரின் வாப்பா அடங்கியிருப்பது இங்கே, உம்மா அடங்கியிருப்பது அங்கே. அரிசி இங்கிருந்து போகும், துணிமணி அங்கிருந்து வரும். இயக்கம் முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்ன அந்தத் தொண்ணூறாம் ஆண்டில் உம்மு ஸல்மா புதுப் பெண். கையில் இருந்ததோடு கிளம்பிப் போய்ப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் குடியிருந்து, தையல் பழகி, நுஹாவைப் பெற்று, கல்வீடு கட்டி, கடைசியில் தெருவில் பாதிப் பெண்களின் அளவு அவளுடைய விரல்நுனியில் இருந்தது. முனவ்வருக்கோ அந்த வருடங்கள் எல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம். சண்டை முடிந்து பாதை திறந்ததும் முதல் ஆளாக வந்து காணியில் முளைத்திருந்த காட்டை வெட்டினார். நுஹாவைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஆறு வருடத்துக்கு முன், உம்மு ஸல்மாவும் வந்தாள். மனம் பின்னால் வருமென்று பார்த்தாள். அது இன்னும் வரவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சொல்வார்களே, அப்படி நின்று பழகிப்போனது. வருத்தமும் அதே வழியில் பங்குபட்டதில் யாருக்கு என்ன ஆச்சரியம்?

புத்தளத்து டொக்டர் கொடுத்த புதுக் குளிசை சின்னது, வெள்ளை நிறம். அதைக் குடிக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளில் நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. அதோடு கை நடுக்கமும் நின்றுபோனது. முனவ்வருக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் நின்றவர்களுக்கெல்லாம் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். புத்தளத்து டொக்டர் ஒரே குளிசையில் இரண்டு வருத்தத்தையும் மாற்றிவிட்டார் என்றார். பேரீத்தம்பழம் கொண்டுபோவதையும் விட்டுவிட்டார். உம்மு ஸல்மாவுக்கும் சந்தோசம்தான். சொல்லப்போனால் அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. இத்தனை வருடம் முசலி முசலி என்று நின்ற மனிதனைச் சுகமாக்க ஒரு புத்தளத்து டொக்டர்தானே வேண்டியிருந்தது என்று, வாய்விட்டுச் சொல்லாமல், மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

நானாட்டானிலிருந்து ட்ரக்டர் கொண்டுவருகிற பஸ்ரியன்தான் முதலில் கண்டது. மழைக்கு முன் மேட்டுக் காணியைப் புழுதியாக உழ வந்திருந்தான். வரம்பில் நின்ற முனவ்வர் அவனிடம் வந்து, புத்தளம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாராம். பகிடி என்று பஸ்ரியன் சிரித்தான். பிறகு அவர் ட்ரக்டரின் முன் சில்லைப் பார்த்து, ஏன் வழியில் நிற்கிறாய் என்று ஏசத் தொடங்கினார். நாக்கு குழறியது. ஒரு சொட்டுச் சாராயம் தொட்டறியாத மனிதன் இப்படி ஆடுகிறாரே என்று அவன் இறங்கி வருவதற்குள் முழங்கால் மடங்கி விழுந்துவிட்டார். ட்ரெயிலரில் வைக்கோலைப் போட்டுப் படுக்க வைத்து அவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான். உம்மு ஸல்மா போய்ச் சேரும்போது நரம்பில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முனவ்வர் கண் விழித்து, ட்ரக்டரை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். அவருக்கு இடையில் நடந்தது எதுவுமே தெரியவில்லை.

டொக்டர் ஜெனுஷா வவுனியாப் பக்கத்துப் பிள்ளை. கோபக்காரி என்று பேர். ஆனால் அன்று கோபிக்கவில்லை. முனவ்வரின் சட்டைப் பையிலிருந்த வெள்ளைக் குளிசை அட்டையை எடுத்துப் பார்த்தார், பிறகு அவருடைய கையைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தார்.

"அம்மா, இந்தக் குளிசை இவருக்குச் சீனி வருத்தத்தை மாத்தேல்ல. சீனி இறங்கிறதைச் சொல்லவிடாமல் வாயைப் பொத்தி வெச்சிருக்கு. கை நடுங்காது, நெஞ்சடிக்காது. வேர்வை மட்டும்தான் மிஞ்சும்."

பிறசருக்குக் குடிக்கிற குளிசைகளில் சிலது இப்படித்தான் என்றார். நெஞ்சுக்கு நல்லது செய்யும், ஆனால் சீனிக்காரருக்கு ஒரு பக்கம் சீனியைக் கொஞ்சம் கூட்டியும் வைக்கும், மறுபக்கம் இறங்கும்போது மறைத்தும் வைக்கும். கொடுத்தவரிடம் சீனியைப் பற்றிச் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது கொடுத்திருப்பார். இப்போது சட்டென்று நிறுத்தவும் முடியாது, நெஞ்சு முரண்டுபிடிக்கும். மன்னாரில் இதய டொக்டர் பார்த்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாற்ற வேண்டும். அதுவரைக்கும் என்று சொல்லி, சீனிக் குளிசையில் இரவில் குடிக்கிறதை நிறுத்தினார். நேரத்துக்குச் சாப்பாடு. தனியே வேலை செய்யக் கூடாது. வேர்வை, குழறல், வழக்கமில்லாத கோபம், மாறாட்டப் பேச்சு, இதில் எதைக் கண்டாலும் முதலில் சீனி கொடுக்க வேண்டும், பிறகுதான் விசாரணை. "இவரால இனிக் கண்டுபிடிக்க ஏலாது. பக்கத்தில இருக்கிற ஆள்தான் கண்டுபிடிக்க வேணும்" என்று சொல்லிவிட்டு உம்மு ஸல்மாவைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் உம்மு ஸல்மாவுக்கு மகளின் நினைப்பு வந்தது. நுஹாவுக்கு இரண்டாவது பிள்ளைக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் பிள்ளையின்போது இரத்தம் நிற்காமல் போய், மௌத்தின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள் நுஹா. அந்த முறை உம்மு ஸல்மா முசலியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. இந்த முறை நாள் நெருங்க முன்பே வந்து நிற்பேன் என்று மகளின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். முனவ்வரோ இந்தப் போகம் விதைக்காமல் ஓர் அடி நகர மாட்டார். ஒரு போகம் தவறினால் காணியில் காடு பத்தும், பத்தினால் அரசாங்கக் கணக்கில் அது காடு என்றே எழுதப்பட்டுவிடும் என்கிற பயம் அவருக்கு. பிடித்த முயலுக்கு மூன்றே கால். இப்போது அந்த முயலுக்குக் காவலும் அவள்தான்.

வீட்டில் சீனி பார்க்கிற சின்ன மெசின் ஒன்று இருக்கத்தான் இருந்தது. மருமகன் வாங்கித் தந்தது. ஆனால் அதற்குள் வைக்கிற ஸ்ட்ரிப் முடிந்துபோயிருந்தது. அந்த வகை மெசினுக்கான ஸ்ட்ரிப் இந்தப் பக்கத்து மருந்துக் கடைகளில் இல்லை, புத்தளத்திலிருந்துதான் வர வேண்டும். அதுவரைக்கும் அவளுடைய இரண்டு கண்தான் மெசின்.

கண்ணால் வேலை நடந்தது, ஆனால் நிம்மதி போயிற்று. அவர் எழும்பினால் அவளும் எழும்பினாள். அவர் மாட்டுக் கொட்டிலுக்குப் போனால் குசினி யன்னலுக்கு ஓடினாள். அடுப்பில் சோறு கொதிக்கும்போது வரம்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், வந்து பார்த்தால் சோறு குழைந்திருந்தது, குழைந்த சோற்றுக்கு அவர் கோபித்தார், கோபித்ததற்குத் தேத்தண்ணி ஊற்றினாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இந்த வீட்டில் ஆத்திரக்காரனுக்குச் சீனி மட்டு என்றாகிவிட்டது. முனவ்வருக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு மனிதன் வீட்டில் நியாயமாகக் கோபிக்கவும் வழியில்லையா என்று கேட்டார். ஆட்டுக்குட்டி மிளகாய்க் கன்றைத் தின்றதற்குச் சத்தம் போட்டார், தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணி வந்ததற்குச் சத்தம் போட்டார், பேரீத்தம்பழமும் சேர்ந்து வந்தது. பிறகு கோபம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கப் பழகினார். அது இன்னும் மோசம். பேசாமல் இருக்கிற முனவ்வரைக் கண்டால் அவள் உடனே கேத்தலை அடுப்பில் ஏற்றினாள்.

அவருடைய பிடரியில் புறங்கையை வைத்துப் பார்க்க அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். வெயில் வேர்வை சுடும். சீனி இறங்கிய வேர்வை குளிரும். முதல் தடவை வைத்தபோது அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அப்படி அவள் தொட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

கோபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவளிடம் சீனி இறக்கம் வேறு வழியால் வந்தது.

ஒரு நாள் பின்நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி, அவர் வந்து குசினிப் படியில் இருந்தார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவருடைய முகத்தில் கோபமில்லை. இத்தனை வருடத்தில் அவள் அதிகம் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார்.

"நீ இஞ்ச வந்து ஆறு வருசம். உன்ட நீலப் பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேலதான் கிடக்கு. அதை நீ இறக்கேல்ல. எனக்குத் தெரியும், உம்மு. போ. நுஹாட்ட போ. உன்னைப் பிடிச்சு வெச்சிருக்கிறது எனக்கே வெக்கமாக் கிடக்கு."

கீரை கையிலிருந்து விழுந்தது. அவளால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தப் பெட்டியை அவர் பார்த்திருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. வந்த அன்று மேலே வைத்தது. அதற்குள் அவளுடைய தையல் கத்தரிக்கோலும், அளவு நாடாவும், புத்தளத்து வீட்டுக் கதவைத் திறக்கிற ஒரு திறப்பும் இருந்தன. கண் நிறைந்துவிட்டது. ஆறு வருடமாகக் கேட்க நினைத்த சொல்லை அவரே சொல்லிவிட்டார். அவள் வாயைத் திறந்து பதில் சொல்ல ஆயத்தமானபோது முனவ்வர் அதே அன்பான குரலில், "பஸ்ஸுக்கு நேரமாச்சு. மாட்டையும் கூட்டிக்கொண்டு போ, அதுக்கும் யன்னல் சீட் பாத்துக் குடு" என்றார்.

பிடரியில் கை வைத்தாள். பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்தது.

தேத்தண்ணியை அவள்தான் வாயில் பிடித்துப் பருக்க வேண்டியிருந்தது. பாதி சட்டையில் சிந்தியது. கொஞ்ச நேரத்தில் கண்கள் திரும்பி வந்தன, அவளைப் பார்த்தன. "ஏன் அழுறாய்?" என்று கேட்டார். அவள் ஒன்றுமில்லை என்றாள். அவருக்கு எதுவும் நினைவில்லை. படியில் வந்து இருந்தது கூட நினைவில்லை.

அன்றிலிருந்து உம்மு ஸல்மாவின் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கோபம் வந்தால் இரண்டு கரண்டி சீனி போடலாம். அன்பு வந்தால் எத்தனை கரண்டி போடுவது? மாட்டுக்கு யன்னல் சீட் கேட்டது சீனி. அதில் சந்தேகமில்லை. ஆனால் பெட்டி அலுமாரிக்கு மேலே இருப்பது உண்மைதானே. சீனிக்குப் பெட்டியைத் தெரியாது. அப்படியானால் பெட்டிக்கும் மாட்டுக்கும் இடையில் எந்த இடத்தில் முனவ்வர் நின்றுபோய், சீனி பேசத் தொடங்கியது? அந்தப் 'போ' எந்தப் பக்கத்தில் விழுந்தது? சட்டி கழுவும்போது முனவ்வர் பக்கம் என்று தோன்றியது. உடுப்புக் காயப்போடும்போது மாட்டின் பக்கம் என்று தோன்றியது.

அடுத்த நாள் காலையில், அவர் வயிறாரச் சாப்பிட்டு, பிடரி நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நுஹாவின் பேச்சை எடுத்தாள். மாதம் நெருங்குகிறது என்றாள். அவர் வானத்தைப் பார்த்தார். மழை விழட்டும், விதைத்துவிட்டுப் பார்ப்போம் என்றார். பிறகு, "தனிய விடக் கூடாதெண்டு டொக்டரும் சொன்னவதானே" என்று சேர்த்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். குளிசைக்கு முன் மழை, காணி, மாடு என்று மூன்று கட்டை இருந்தது. இப்போது நான்காவதாக டொக்டரின் சொல்லையும் நட்டு அவளை அதில் கட்டிவிட்டார். அன்று காலை முழுவதும் உம்மு ஸல்மா அவரை வெறுத்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். வெறுத்துக்கொண்டே பத்து மணிக்கு அவருக்கு அவித்த கடலை கொண்டுபோய்க் கொடுத்து, பிடரியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

நுஹாவிடம் தொலைபேசியில் சொன்னாள், மாட்டை மட்டும் விட்டுவிட்டு. வாப்பாவே போ என்று சொல்லிவிட்டாரென்றால் இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று நுஹா கேட்டாள். வாப்பா சொன்னாரா, வாப்பாவின் சீனி சொன்னதா என்று வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எப்படிக் கேட்பது? அவர் கொடுத்ததே தெரியாத ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் அது களவா இல்லையா என்று யாரிடம் கேட்பது? அவர் சொன்னதை அவரிடமே சொல்லலாமே என்றும் நினைத்தாள். அதற்கும் தைரியம் வரவில்லை. இல்லை, அப்படிச் சொல்லவே மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால், அவளிடம் அந்த ஒரு பின்நேரமும் இல்லாமல் போய்விடும்.

மேகம் கறுத்துத் திரண்டு, ஆனால் விழாமல், எல்லோரையும் அவித்துக்கொண்டிருந்த ஒரு நாள் பஸ்ரியன் மீண்டும் ட்ரக்டரோடு வந்தான். சந்தியில் புத்தளம் பஸ் கொண்டக்டர் கொடுத்தது என்று ஒரு சின்னப் பார்சலைக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போனான். ஸ்ட்ரிப். பார்சலைப் பிரித்து மேசையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. மருமகன். நுஹாவைக் காலையில் வார்டில் சேர்த்துவிட்டார்கள், நாளுக்கு முன்பே பிள்ளை நோ தொடங்கும் போலிருக்கிறது, போன முறை மாதிரி ஆகிவிடாமல் இருக்க இரத்தம் ஆயத்தம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். பின்னால் யாரோ அழைக்க, வைத்துவிட்டான்.

அவள் முற்றத்துக்கு ஓடினாள், திரும்பி உள்ளே வந்தாள், என்ன எடுக்க வந்தாள் என்று தெரியாமல் மறுபடி வெளியே போனாள். முனவ்வர் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை வேர்வை. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அவள் வாசலிலேயே வைத்துச் சொன்னாள். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்து, அன்றைக்குப் படியில் கேட்ட அதே மெல்லிய குரலில், "போ" என்றார். "விடிய முதல் பஸ்ஸில போ."

அவளுடைய கை தானாக அவருடைய பிடரிக்குப் போனது. ஈரம். சுடுகிறதா குளிர்கிறதா? அவளுடைய கைதான் அந்த நேரம் பச்சைத் தண்ணீராகிக் கிடந்தது, அதனால் ஒன்றும் பிடிபடவில்லை. மாட்டைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா என்று அவருடைய வாயையே பார்த்தாள். மாட்டின் பேச்சு வரவில்லை. அவள் குசினிப் பக்கம் திரும்பினாள், கேத்தலை எடுக்க.

"தேத்தண்ணி வேண்டாம், உம்மு."

"நீங்க சாப்பிடேல்ல, மச்சான். வேர்த்துக் கொட்டுது. உங்களை இப்பிடி விட்டிட்டு..."

"பஸ்ரியன் உழவு முடியுமட்டும் இஞ்ச நிப்பான். மன்னாருக்கும் அவனே கூட்டிக்கொண்டு போவான். எப்ப சீனி குடுக்கிறதெண்டு அவனுக்குச் சொல்லிக் குடு."

கோபம் வந்தால் கொடு என்று பஸ்ரியனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வேர்வையைச் சொல்லிக் கொடுக்கலாம். இந்தக் குரலை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? வயலில் ஒரு முறை விழுந்தபோது அவன் பக்கத்தில் இருந்தான். இரவில் விழுந்தால்? அவள் கேத்தலைப் பிடித்தபடியே நின்றாள். போனாலும் ஒருவர் போய்விடுவார், நின்றாலும் ஒருவர் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் தடவையாக அவளுக்கு முசலியும் வேண்டாம், புத்தளமும் வேண்டாம் என்றிருந்தது.

உள்ளே கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது முனவ்வர் கதிரையின் மேல் ஏறி நின்று, அலுமாரிக்கு மேலிருந்து நீலப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். விழுந்துவிடுவார் என்று அவள் ஓடிப்போய்க் கதிரையைப் பிடித்தாள். அவர் விழவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி மெதுவாக இறங்கி, அதை அவளுடைய காலடியில் வைத்தார். வைத்துவிட்டு மேசைக்குப் போய், சீனி பார்க்கிற மெசினையும் புது ஸ்ட்ரிப்பையும் எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் கதிரையிலேயே இருந்து, மோதிர விரலை அவள் பக்கம் நீட்டினார்.

"குத்து. குறைஞ்சு கிடந்தா, சொன்னது நானில்ல, நீ போக வேண்டாம். சரியாக் கிடந்தா, நான்தான் சொன்னனான்."

பெட்டியைப் பற்றி அன்று படியில் அவர் சொன்னதை அவள் இன்றுவரை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பெட்டி அவருக்குத் தானாகவே தெரிந்திருந்தது.

அவள் ஊசியைப் பிடித்துக் குத்தப் போனாள். ஒரு தடவை நகத்தில் பட்டது. அவர் தன்னுடைய மற்றக் கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, பிள்ளைக்கு எழுத்துப் பழக்குகிற மாதிரி விரலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இரத்தம் ஒரு பொட்டாக எழும்பியது. ஸ்ட்ரிப்பின் நுனி அதை உறிஞ்சிக்கொண்டது. மெசினின் கண்ணாடியில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி ஓடத் தொடங்கியது. வெளியே பஸ்ரியன் ட்ரக்டரை நிறுத்தியிருக்க வேண்டும், திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. உம்மு ஸல்மா கண்ணாடியைப் பார்க்காமல் கீழே பார்த்தாள். பெட்டியின் மூடியில் ஆறு வருடத் தூசி படிந்திருந்தது. அந்தத் தூசியில் முனவ்வரின் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன, ஒன்றுகூடக் கலையாமல்.